அரை மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்!

வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் சின்னது அதுதான். ஷுகருக்குப் போடும் மெட்ஃபார்மின், தொண்டையில் இறங்கவே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும். கால்சியம் மாத்திரை அதைவிடப் பெரிசு. இது மட்டும் பொட்டு மாதிரி இருக்கும். அதையும் பாதியாக உடைத்து, “ராத்திரி தூக்கத்துக்கு அரை போட்டுக்கறேன், அவ்வளவுதான்” என்பார்கள். “வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று டாக்டர் கேட்டால் பிபி, ஷுகர், தைராய்டு எல்லாம் வரிசையாக வரும். இந்த அரை மாத்திரை மட்டும் கணக்கில் வராது.

அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் 650-ல் இருக்கும் மருந்து, எடையில் இதைப்போல 2,600 மடங்கு. அந்தத் துளி அளவே மூளையை அமைதிப்படுத்தப் போதும் என்றால், அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அதற்காக இந்த மாத்திரைகளைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். திடீரென நெஞ்சு படபடத்து ‘செத்துவிடுவோமோ’ என்று தோன்றும் பேனிக் அட்டாக், வலிப்பு, குடியை நிறுத்தும்போது வரும் கடும் நடுக்கம், துக்க வீட்டில் நாள்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடப்பவரின் நிலை... இங்கெல்லாம் டாக்டர்கள் இவற்றைக் காரணத்தோடுதான் எழுதுகிறார்கள். சிக்கல், சீட்டில் எழுதிய நாள்கள் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. பத்து நாளைக்கு எழுதிய மாத்திரை பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

பிரேக் போடும் மருந்து

அல்பிரசோலம், குளோனாசெபம், லோராசெபம், டயஸெபம், நைட்ராசெபம். ஸ்ட்ரிப்பில் எந்த பிராண்ட் பெயர் இருந்தாலும், கீழே சின்ன எழுத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் அது பென்சோடயசெபைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தூக்கத்துக்கென்றே வரும் சோல்பிடெம் வேறு வகை. ஆனால், மூளையில் வேலை செய்யும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மூளையில் ‘காபா’ என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பு செல்கள் அளவுக்கு மீறி ஓடாமல் அடக்குவது அதன் வேலை. வண்டிக்கு பிரேக் மாதிரி. இந்த மாத்திரைகள் தாங்களாக பிரேக் பிடிப்பதில்லை. காபா பிடிக்கும் பிரேக்கை இன்னும் அழுத்தமாக்குகின்றன. பயம் தணிகிறது, தசைகள் தளர்கின்றன, தூக்கம் வருகிறது. கூடவே நிதானம், ஞாபகம், கால்களின் பிடிமானம் எல்லாமும் கொஞ்சம் மட்டுப்படுகின்றன. ‘தூக்கம் மட்டும் வர வேண்டும், மற்றது எதுவும் தொடக் கூடாது’ என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது.

இவற்றுக்கு முன் புழக்கத்தில் இருந்தவை பார்பிட்சுரேட் மருந்துகள். 1903-ல் பார்பிட்டால் விற்பனைக்கு வந்தது. தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் அவை பல உயிர்களைக் குடித்தன. ரோஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பேக் கண்டுபிடித்த குளோர்டயசெபாக்சைடு, 1960-ல் லிப்ரியம் என்ற பெயரிலும், அதன் தம்பியான டயஸெபம் 1963-ல் வேலியம் என்ற பெயரிலும் வந்தபோது டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பழைய மருந்துகளோடு ஒப்பிட்டால் நிஜமாகவே பாதுகாப்பானவை. அந்த நிம்மதியில்தான் அடுத்த தவறும் நடந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். நிறுத்த முடியாமல் லட்சக்கணக்கானோர் தவித்த பிறகுதான், 1988-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. வலிப்பு நோய் போன்ற சில காரணங்களுக்கு நீண்ட நாள் தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

புள்ளியைக் கவனியுங்கள்

அல்பிரசோலம் 0.25, 0.5, 1 மில்லிகிராம் என்று பல அளவுகளில் வருகிறது. குளோனாசெபமும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி ஸ்ட்ரிப். புள்ளி எங்கே இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். 0.25-க்குப் பதில் 0.5 வந்தால் அளவு இரட்டிப்பு. 1 வந்தால் நான்கு மடங்கு. கண்ணாடி போடாமல் வாங்கும் தாத்தாவுக்கு இது தெரியாது. “0.25 ஸ்டாக் இல்ல, 0.5 இருக்கு, பாதியா உடைச்சுக்கோங்க” என்று கடையில் சொல்லி அனுப்பியதை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்.

எனவே, கடையிலேயே சீட்டையும் ஸ்ட்ரிப்பையும் பக்கத்தில் வைத்துப் பெயர், அளவு, காலாவதி தேதி மூன்றையும் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால், மருந்தை மெதுவாக வெளியிடும் மாத்திரை என்று பொருள். அதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

ஸ்ட்ரிப்பில் இடது மூலையில் சிவப்பில் ஒரு குறியீடு, கூடவே சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2013-ல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஷெட்யூல் ஹெச்1 என்ற மத்திய அரசுப் பட்டியலில் அல்பிரசோலம், டயஸெபம், நைட்ராசெபம், சோல்பிடெம் எல்லாம் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடங்கள் வைத்திருக்க வேண்டும்.

“அண்ணே, போன மாசம் குடுத்தீங்களே, அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்க.”

“புது சீட்டு இருக்காம்மா?”

“என்னண்ணே, இத்தனை வருஷமா உங்க கடையிலதானே வாங்கறேன். என்னை நம்ப மாட்டீங்களா?”

“நம்பறதுக்கு என்னம்மா... சீட்டு இல்லாம இதைக் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும். அதுவும் இல்லாம, இத்தனை மாசமா நீங்க சாப்பிடறது டாக்டருக்குத் தெரியுமா?”

இப்படிக் கேட்கும் கடைக்காரர் மீது கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போவது நம் வழக்கம். கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைதான் ஆபத்தான கடை.

வயிற்று மாத்திரைக்குள் தூக்க மாத்திரை!

இது பலருக்கும் தெரியாத விஷயம். நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரைகள் அதிகம். அடிக்கடி வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்குத் தரப்படும் சில மாத்திரைகளில் கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடும் சேர்ந்திருக்கும். மேலே சொன்ன அதே லிப்ரியம்தான். மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராமோடு குளோனாசெபம் சேர்ந்த மாத்திரை மிகச் சகஜம். படபடப்புக்குத் தரும் சில மாத்திரைகளில் புரொப்ரனலாலும் குளோனாசெபமும் ஒன்றாக இருக்கும்.

ஒருவர் வயிற்றுக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்குக் குடும்ப டாக்டர் என்று மூன்று இடங்களில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று சீட்டு, மூன்று பிராண்ட் பெயர். உள்ளே ஒரே குடும்பத்து மருந்து மூன்று தடவை. பகலெல்லாம் தள்ளாட்டம், பேச்சில் குழறல். ‘வயசாயிடுச்சு, ஷுகர் இறங்கியிருக்கும்’ என்று நான்காவதாக ஒரு டாக்டரிடம் ஓடுவார்கள்.

தீர்வு எளிது. யாரிடம் போனாலும் எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்புகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். ‘மஞ்சள் கலர் மாத்திரை’, ‘வட்டமா இருக்குமே’ என்ற வர்ணனையெல்லாம் உதவாது.

எதோடு சேரக் கூடாது?

முதல் இடம் மதுவுக்கு. மதுவும் அதே காபா பிரேக்கைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியே மந்தமாகிவிடும். ‘ஒரு பெக்தானே’, ‘பீர்தானே’ என்ற சலுகை எதுவும் இதில் கிடையாது. மாலையில் குடித்தவர் அன்றிரவு மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்குப் போடக் கூடாது. தினமும் குடிப்பவர் என்றால் மாத்திரை எழுதும்போதே டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கணவருக்கு வெட்கமாக இருந்தால் மனைவி சொல்லலாம்.

அடுத்து வலி மாத்திரைகள். டிரமடால், கோடீன், மார்ஃபின் போன்றவற்றோடு இந்த மாத்திரைகள் சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிரே போகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. கோடீன் என்றதும் ஏதோ பெரிய ஆபரேஷன் மருந்து என்று நினைக்க வேண்டாம். சில இருமல் டானிக்குகளில் அது இருக்கிறது. சளிக்குப் போடும் குளோர்ஃபெனிரமைன், அரிப்புக்குப் போடும் செட்ரிசைன், ஷுகரால் வரும் கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின் இவையும் தூக்கத்தைக் கூட்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை வராதவர்கள் குறைவு. அதற்கு இட்ராகொனசோல் காப்ஸ்யூல் எழுதுகிறார்கள். அல்பிரசோலத்தை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் என்சைமை இந்த காப்ஸ்யூல் முடக்கிவிடும். உள்ளே போன மாத்திரை வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்பது விதி. தோல் டாக்டரிடம் போய்த் தூக்க மாத்திரையைப் பற்றிச் சொல்வானேன் என்று யாருக்கும் தோன்றும். சொல்ல வேண்டும்.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள், நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், டாக்டர் வேறு மருந்தையோ வேறு அளவையோ யோசிப்பார்.

விடிந்த பிறகும் வேலை செய்யும்

ராத்திரி போட்டது காலையில் காலியாகிவிடும் என்பது தப்புக்கணக்கு. அல்பிரசோலத்தில் பாதி வெளியேறவே சராசரியாக 11 மணி நேரம் ஆகிறது. வயதானவர்களுக்கு 16 மணி நேரம் வரை. குளோனாசெபத்துக்கு ஒரு நாளைக்கு மேல். டயஸெபம் இன்னும் மெதுவாகப் போகும். தினமும் போட்டால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய மாத்திரை ஏறி உட்காரும்.

சோல்பிடெம் சீக்கிரம் வெளியேறும் மருந்து. அதிலேயே ஒரு பாடம் உண்டு. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதுகூட ரத்தத்தில் கணிசமாக மிச்சம் இருக்கிறது என்று தெரிந்ததும், 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். கணவருக்கு எழுதிய மாத்திரையை மனைவி எடுத்துப் போடுவது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 2019-ல் அதே மருந்துக்கு இன்னோர் எச்சரிக்கையும் வந்தது. மாத்திரை போட்ட சிலர் முழு விழிப்பில்லாமலே எழுந்து நடந்திருக்கிறார்கள், சமைத்திருக்கிறார்கள், கார்கூட ஓட்டியிருக்கிறார்கள். காலையில் ஒன்றும் ஞாபகம் இருப்பதில்லை. வீட்டில் யாருக்காவது ஒரு முறை இப்படி நடந்தாலும் மறுநாளே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

சோல்பிடெம் போட்டால் நேராகப் படுக்கைக்குப் போக வேண்டும். ஏழு, எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பிருந்தால் மட்டும் போட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, ‘ஆறு மணிக்கு எழுந்து பிள்ளைக்கு டிபன் கட்டணும், இன்னொரு அரை போட்டுத் தூங்கிடலாம்’ என்பது கூடாது. புதிதாக ஆரம்பித்தவர்களும், அளவு கூட்டப்பட்டவர்களும் மருந்து தங்களை என்ன செய்கிறது என்று தெரியும்வரை ஸ்கூட்டர், கார், தையல் மெஷின், மாவு மில் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுபவரைப் போலவே, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்து மயக்கத்தில் ஓட்டுபவரையும் குற்றவாளியாகத்தான் பார்க்கிறது.

பாத்ரூம் போகிற வழியில்

அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த மாத்திரைகளை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் ‘பியர்ஸ்’ பட்டியல். நம் ஊரில் அதிகம் சாப்பிடுபவர்கள் அவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

வயதாக ஆக உடம்பில் கொழுப்பின் பங்கு கூடி, கல்லீரலின் வேகம் குறைகிறது. மருந்து தங்கும் நேரம் நீள்கிறது. ராத்திரி இரண்டு தடவையாவது சிறுநீர் கழிக்க எழுந்திருக்கும் வயசு வேறு. இருட்டு, ஈரமான பாத்ரூம் தரை, அரைத்தூக்கம், தளர்ந்த கால். விழுந்தால் இடுப்பு எலும்பு. அதன் பிறகு ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை. சிலர் பழையபடி நடப்பதே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பது, பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுவது, பகலில் சோபாவிலேயே சாய்ந்து தூங்குவது. ‘மறதி நோய் ஆரம்பிச்சுடுச்சு’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். சில சமயம் அது மாத்திரையின் வேலை. டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்த பிறகு ஆள் தெளிந்துவிடுவதும் உண்டு. எனவே மறதிக்கென்று டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைப் பையை மறந்துவிடாதீர்கள்.

மாத்திரை அவசியம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியவை உண்டு. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. வழியில் மிதியடி, ஒயர், பேரனின் விளையாட்டுச் சாமான் எதுவும் கிடக்கக் கூடாது. எழுந்ததும் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கப் பழக்க வேண்டும். பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிட்டால் இன்னும் நல்லது. மாத்திரை போட்டதையே மறந்து இன்னொன்று போட்டுவிடும் ஆபத்தும் இந்த வயதில் அதிகம். காலண்டரில் டிக் போடலாம். கிழமை எழுதிய டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டு வைத்து, மீதியை மருமகளோ மகளோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் போட மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

தூக்கிப் போடாதீர்கள்!

இங்கேதான் அக்கறையே ஆபத்தாகிவிடுகிறது. மகன் லீவில் வருகிறான். அம்மா வருடக்கணக்காக இந்த மாத்திரை சாப்பிடுவது தெரிகிறது. செல்போனில் நாலு வீடியோ பார்க்கிறான். “என்னம்மா இது, அடிமையாயிடுவே! இன்னையோட நிறுத்து” என்று ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடுகிறான். முதல் ராத்திரி அம்மாவுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அடுத்த நாள் கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத பயம். “மாத்திரை இல்லாம எனக்கு முடியாதுடா, நான்தான் சொன்னேனே” என்று அழுகிறார். அதன் பிறகு வலிப்பே வந்துவிடலாம்.

நாள்கணக்காக பிரேக்கை யாரோ அழுத்திக்கொண்டே இருந்ததால், மூளை தன் பங்குக்கு ஆக்சிலேட்டரைக் கூட்டிவைத்திருக்கிறது. திடீரென பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பாயும். பழைய தூக்கமின்மை முன்பைவிடப் பலமாகத் திரும்புவது இதனால்தான். மாத்திரை இல்லாமல் தூக்கமே வராது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

டாக்டர் சொன்ன அளவை மீறாமல் சாப்பிட்டவருக்கும் இது நடக்கும். இதற்குப் பெயர் உடல் சார்ந்திருத்தல். போதைக்காகத் தேடி அலையும் அடிமைத்தனம் வேறு. அம்மாவைப் பார்த்து ‘அடிமை’ என்று சொல்வது மருத்துவப்படியும் தப்பு, மனசுக்கும் வலி. இந்த வித்தியாசமெல்லாம் சேர்த்துத்தான் 2020-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பென்சோடயசெபைன் மருந்துகள் அனைத்துக்கும் எச்சரிக்கையைப் புதுப்பித்தது.

நிறுத்துவதற்கு ஒரே வழி, படிப்படியாக இறங்குவது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் வெளியே வந்துவிட முடியும் என்று காட்டினார். அமெரிக்க அடிமைநீக்க மருத்துவச் சங்கமும் பிற மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவிகிதம் குறைத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்குள் 25 சதவிகிதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. பொட்டு மாத்திரையை வீட்டுக் கத்தியில் பத்து பங்காக வெட்ட முடியாது. அளவு மாற்றுவது, நீண்ட நேரம் தங்கும் வேறு மருந்துக்கு மாற்றி அங்கிருந்து இறங்குவது என்று டாக்டரிடம் வழிகள் இருக்கின்றன. எத்தனை மாதம் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று வந்தால் அந்த மாதம் குறைக்காமல் அப்படியே நிறுத்திவைப்பதும் தோல்வி ஆகாது.

நினைக்காமலே நின்றுபோகும் சந்தர்ப்பமும் உண்டு. வேறு ஏதோ ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிபி, ஷுகர் மாத்திரைகள் தொடர்கின்றன. கணக்கில் வராத அந்த அரை மாத்திரை விட்டுப்போகிறது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நோயாளி உளறுகிறார், நடுங்குகிறார், ஊசியைப் பிடுங்குகிறார். என்ன காரணம் என்று டாக்டர்கள் தேடுகிறார்கள். அட்மிஷன் போடும்போதும், மயக்க மருந்து டாக்டர் கேள்வி கேட்கும்போதும் இதைச் சொல்லிவிட்டால் இத்தனையும் தவிர்க்கலாம்.

ஊருக்குப் போகும்போது மாத்திரையும், சீட்டின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். துபாயில் மகள் வீட்டுக்கோ சிங்கப்பூரில் மகன் வீட்டுக்கோ போகிறவர்கள் ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். அந்த நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளைக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போட்டதும் அந்த வேலையைப் பாருங்கள்.

அளவு மீறிவிட்டால்...

தட்டினாலும் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, காபியை வாயில் ஊற்றுவது இரண்டும் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். என்னென்ன மாத்திரை என்று தெரிய, காலி ஸ்ட்ரிப்புகளையும் கையோடு எடுத்துப் போங்கள். தவழும் குழந்தை ஒரு மாத்திரையை விழுங்கியிருந்தாலும் ‘தூங்கி எழட்டும், சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

பூஜை அலமாரி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டு, தலையணைக்கு அடியில் என்று வைப்பதைவிடப் பூட்டு உள்ள இடத்தில் வைப்பது நல்லது. வீட்டில் மனம் நொந்த நிலையில் யாராவது இருந்தால் சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். மொத்தமாக வாங்கிக் குவிக்காமல் குறைந்த நாள்களுக்கு மட்டும் வாங்குங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ, தமிழக அரசின் 104-லோ எந்நேரமும் பேசலாம். கட்டணம் கிடையாது.

தூக்கம் ஏன் வரவில்லை?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையைச் சொல்வதில்லை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரோ சில வாரங்கள் சொல்லித்தருவார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்த பிறகே படுக்கைக்குப் போவது, இருபது நிமிடம் புரண்டும் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறைக்குப் போவது என்று பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாகவும் இருக்கும். மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் இதையும் சேர்த்துச் செய்தால் இறங்குவது சுலபம்.

அதற்கும் முன்னால், தூக்கத்தைக் கெடுப்பது எது என்று டாக்டரோடு உட்கார்ந்து பார்ப்பது உசிதம். சாயங்காலம் ஐந்து மணிக் காபி, மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம், மூட்டு வலி, கூடிப்போன தைராய்டு என்று காரணம் வெளியே இருக்கலாம். பிபிக்காகத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்குபவை. அதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டு, மணிக்கொரு தடவை எழுந்து, ‘தூக்கமே இல்லை டாக்டர்’ என்று தூக்க மாத்திரை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த பிபி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.